கதவுக்காரி என்று ஒருத்தி இல்லை

மாடி அறை காலியாக இருக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூடத்துக் காவலாளி சொல்லித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். வேலையில் சேர்ந்த புதிது. கையில் ஒரு பெட்டி, தோளில் புத்தகப் பை. கதவைப் பாதி மட்டும் திறந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. குண்டூசிகளை எடுத்து டேப்பில் குத்திக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"யாரு நீ? எந்தக் கூட்டத்தோட வந்தே?"

"கூட்டம் இல்லக்கா. அறை பார்க்க வந்தேன். பள்ளிக்கூடத்துல வாத்தியார்."

"என்ன பாடம்?"

"இலக்கியம்."

கதவு ஒரு விரல்கடை மூடியது.

"கதை எழுதுவியா?"

"இல்லக்கா. படிப்பேன், சொல்லிக்கொடுப்பேன். அவ்வளவுதான்."

"படிச்சுட்டுப் போ. எழுதக் கூடாது. எழுதுற ஒருத்தனுக்கு அந்த அறையக் கொடுத்துட்டு இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன். சரி, அப்பா என்ன பண்றாரு?"

"கூலி வேலை. எங்க வீட்டுல கல்லூரிக்குப் போனது நான்தான் முதல்."

இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் புத்தகப் பையை அங்கேயே பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்தார். ஒரு நாவல் கையில் வந்ததும் செத்த எலியைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்து வாசற்படிக்கு வெளியே வைத்தார்.

"இது உள்ள வராது. நீ வரலாம்."

அந்த ஊரில் பிறந்து, பெரிய பெயர் வாங்கி, செத்தும் போன எழுத்தாளரின் நாவல் அது. கல்லூரியில் எங்களுக்குப் பாடமாக இருந்தது. அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக்கி, அவர் உட்கார்ந்த நாற்காலிக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அவர் பிறந்த மாதத்தில் விழா எடுப்பார்கள். அவர் கதைகளில் வரும் இடங்களை எல்லாம் நடந்தே பார்க்கிற சுற்றுலா ஒன்றும் வருடம் முழுக்க நடக்கும். இதெல்லாம் தெரிந்துதான் அந்த ஊர் வேலைக்கு ஆசைப்பட்டு விண்ணப்பித்தேன். அப்படிப்பட்டவரின் புத்தகம் இங்கே வாசற்படியில் கிடக்கிறது. ஏன் என்று புரியவில்லை. அறை தேவைப்பட்டது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தெருவுக்கே அவர் தையலக்கா. பள்ளிச் சீருடை, தலையணை உறை, மருத்துவமனைத் திரைச்சீலை என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பார். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். கட்டிலில் அவர் கணவர். பேருந்து பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்று கூப்பிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, குடிதண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதல் தட்டு பலமாக. அடுத்தது மெதுவாக. மூன்றாவது, விரல் நுனியால் தடவுவதுபோல. நான் திறக்கப் போனேன்.

"தொடாத!" அக்கா மெஷினை நிறுத்தாமலே கத்தினார்.

"யாரோ வந்திருக்காங்கக்கா."

"உன்னைப் பார்க்க வரல. என்னைப் பார்க்கவும் வரல."

கட்டிலிலிருந்து மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டே சிரித்தார். "எனக்குத்தாம்பா தட்டுறாங்க. நான் செத்துப் போயிட்டேன்ல. ஏய், செத்தவனுக்கு ஒரு டீ போடு."

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இருபது முப்பது பேர். எல்லோர் கையிலும் அந்த நாவல். நடுவில் வழிகாட்டி நின்று, "பேராசை பிடித்த மனைவி தாழ்ப்பாள் போட்டது இந்தக் கதவில்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தி கதவில் நெற்றியை வைத்து நின்றாள். அவளை இன்னொருவன் படம் எடுத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாவலின் புகழ்பெற்ற அத்தியாயம் அது. மழை. வெறுங்கையோடு வந்த கணவன். உள்ளே அவன் மனைவி, நாவலில் அவள் பெயர் கதவுக்காரி. அவன் மூன்று முறை தட்டுகிறான், ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிடத் தணிந்து போகிறது. விடியும்போது படியில் பிணமாகக் கிடக்கிறான். கதவுக்காரியின் கல் நெஞ்சைப் பற்றித் தேர்வில் கேள்வி வராத வருடமே கிடையாது.

அந்தப் பிணம் எனக்குப் பின்னால் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். இருவரும் மாறி மாறிச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். எழுத்தாளர் இளைஞராக இருந்தபோது, பிறந்த வீட்டாரோடு கோபித்துக்கொண்டு அந்த மாடி அறையில் குடியிருந்தார். அக்காவின் மகளுக்கு அப்போது கக்குவான் இருமல். மூச்சு முட்ட முட்ட இருமிய குழந்தை ஒரு மாலை அப்போதுதான் கண் அசந்தது. மழையில் மாமா வந்தார். குடித்திருந்தார். வாயில் பாட்டு வேறு. பணிமனையில் யாருக்கோ பதவி உயர்வாம்.

"குழந்தை எழுந்துடும், போய் எங்கயாவது தெளிஞ்சுட்டு வான்னு சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன். எந்தப் பொம்பளையும் போடுவா. போடாதவதான் பைத்தியம்."

"நான் தட்டினேன். அது உண்மை," என்றார் மாமா. "மூணு தடவைன்னு எல்லாம் எண்ணல. அப்புறம் பணிமனைக்குப் போயி, நின்ன பஸ்ல கடைசி சீட்டுல படுத்துட்டேன். காலையில டிரைவர் பார்க்காம வண்டிய எடுத்துட்டான். கண்ணு முழிச்சா வேற ஊரு! கண்டக்டர் டிக்கெட் கேக்குறான். திரும்பி வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆயிடுச்சு."

"வந்தவனுக்குச் சோறு போட்டேன். அதை ஏன் எவனும் எழுதல?"

எழுத்தாளர் மாடிப்படியில் நின்று கதவு மூடியதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை அறையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பாதியைப் பார்த்தார், மீதியைப் பிணமாக்கிக்கொண்டார். கதை எழுதுகிறவர் அப்படிச் செய்யலாம், அது அவர் உரிமை என்று எங்கள் கல்லூரியில் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் தெருப் பெயரை மாற்றாமல், கதவின் நீலச் சாயத்தை மாற்றாமல், அவள் தையல்காரி என்பதைக்கூட மாற்றாமல் எழுதிவிட்டு அதற்குக் கற்பனை என்று பெயர் வைப்பதை எந்த உரிமையில் சேர்ப்பது?

மகளுக்கு வரன் பார்த்தபோது ஒரு வீட்டார் படியேறி வந்துவிட்டு, "அந்தக் கதவுக்காரி வீடா இது?" என்று கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய் அந்த நாவலை இரண்டு தரம் படித்தவளாம். எழுத்தாளர் உயிரோடு இருந்தபோது ஒருமுறை பாராட்டு விழாவுக்கு ஊருக்கு வந்தார். அக்கா வரிசையில் நின்று அவரைப் பார்த்து, என் புருஷன் சாகவில்லை, அடுத்த பதிப்பிலாவது தெருப் பெயரை மாற்றுங்கள் என்று கேட்டார். அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்னாலதாம்மா நான் வாழறேன்" என்று கண் கலங்கி, ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

"நான் கேட்டது திருத்தம். அவன் கொடுத்தது கையெழுத்து. அங்கயே மேசையில வச்சுட்டு வந்துட்டேன்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பேச்சைப் பொறுத்துக்கொண்டார்கள். தட்டுவதையும் பொறுத்தார்கள். தாழ்ப்பாள் ஆடிப்போய் இரண்டு தரம் மாற்றினார்கள். மாமாவுக்கு அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. சில நாள் உள்ளேயிருந்து திருப்பித் தட்டிவிடுவார். வெளியே அலறி அடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

நான் குடிவருவதற்குச் சில மாதங்கள் முன்னால் அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அதோடு வேடிக்கை வாய்ப்பேச்சோடு நின்றுபோனது. வீட்டுக்கு வந்த பிறகு சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. தட்டும் சத்தம் கேட்டால் கை தானாக நெஞ்சுக்குப் போகும், நெற்றி வேர்த்துவிடும். தூக்கம் கெடக் கூடாது, திடுக்கிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டிலை உள்ளே போடலாம் என்றால் பின்பக்கம் சமையலறை மட்டும்தான். மாடிப்படி அவரால் ஏற முடியாது. விழா நெருங்கிக்கொண்டிருந்தது. விழா நாளில் தட்டுகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது.

"வா, கேட்டுப் பார்ப்போம்," என்று அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு நினைவில்லத்துக்குப் போனார்.

விழாக் குழுச் செயலாளர் ஓய்வு பெற்ற பேராசிரியர். கண்ணாடிப் பெட்டிக்குள் எழுத்தாளரின் மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த மைப்புட்டி. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் அவர் மேசை. பக்கத்து அறையில் தொண்டர்கள் நாற்காலி எடுத்துப் போடும் சத்தம் கேட்டால் உடனே, "மெதுவா! உள்ள பொருள் எல்லாம் அதிருது" என்று கத்துவார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"புரியுதும்மா. ஆனா பாருங்க, எங்கெங்கிருந்தோ வர்றாங்க. உங்க கதவுக்கு எவ்வளவு மரியாதை!"

"மரியாதை எல்லாம் கதவுக்கா? உள்ள ஒரு மனுஷன் படுத்திருக்கான்."

"ஒரு நாள்தானேம்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க. வேணும்னா மெதுவாத் தட்டச் சொல்லி அறிவிப்பு வைக்கிறோம்."

"மெதுவாத் தட்டுறதுக்கும் அறிவிப்பா? தட்டாதன்னு வைங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வகுப்பு எடுக்கும் குரல் வந்துவிட்டது. "அம்மா, நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். கதவுக்காரி நீங்க இல்ல. அது ஒரு பாத்திரம். கற்பனை."

"கற்பனைதான? அப்ப கற்பனைக் கதவுல போய்த் தட்டச் சொல்லுங்க. என் கதவு மரம். தட்டினா சத்தம் வருது."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "சார், அந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் இந்த வருஷம் எடுத்துடலாமே," என்றேன்.

அவர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "தம்பி எங்க படிச்சீங்க?"

சொன்னேன்.

"ஓ, அங்கயா," என்றார். அவ்வளவுதான். அந்த 'ஓ'வில் என் ஊர், என் அப்பாவின் மண்வெட்டி, நான் வெளிச்சம் தேடிப் படித்த பேருந்து நிலையம் எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். மூச்சுத் திணறுகிற ஒரு மனிதரைப் பற்றிப் பேச எந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அக்கா அதற்குள் எழுந்துவிட்டார்.

"வா தம்பி. இங்க செருப்பு தூங்குது, எழுப்பிடாத."

விழா அன்று காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் எதிர்வீட்டுத் தச்சர் வந்தார். கையில் திருப்புளியும் உளியும். அக்கா முந்தின நாளே அவரிடம் பேசி வைத்திருந்தார்.

"கதவு இருந்தாத்தான தட்டுவாங்க? கழட்டிடு."

"நல்லா யோசிச்சியா அக்கா? வாசல் திறந்து கிடக்குமே."

"திறந்து கிடந்தா என்ன? திறந்த வீட்டுக்குள்ள நுழையறது நாய்தான். மனுஷன் கேட்டுட்டுத்தான் வருவான்."

கீல்களைக் கழற்றிக் கதவைச் சுவரோரம் சாய்த்தார்கள். நிலைக்குக் குறுக்கே அக்கா ஒரு பழைய திரைச்சீலையைக் கட்டினார். மாமா கட்டிலில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் கூட்டம் வந்தது. கதவைக் காணோம். வழிகாட்டி ஒரு கணம் விழித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"பாருங்க! இந்த வருஷம் விழாக் குழுவோட புதுமை! கதவுக்காரி கடைசியில மனம் திருந்திக் கதவைத் திறந்துட்டா!"

கை தட்டினார்கள். திரையை விலக்கினார்கள். செருப்புக் காலோடு உள்ளே வந்தார்கள். தைத்து அடுக்கி வைத்திருந்த சீருடைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் மெஷினில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டான். கட்டிலில் படுத்திருந்த மாமாவைப் பார்த்ததும் கூட்டமே "ஆ" என்றது.

"யாரு இவர்? கணவன் வேஷமா?"

"மேக்கப் அச்சு அசல்! அந்த வெளுப்பைப் பாருங்க!"

"சார் எந்த நாடகக் குழு?"

மாமா எழுந்து உட்கார முயன்றார். "வேஷம் இல்லைங்க. நான்தான் அந்தப் புருஷன். நான் சாகல."

திரும்பவும் கைதட்டல். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"இது சரியில்ல. அவன் செத்தாத்தான் அந்தக் கதைக்கே அர்த்தம். அந்த அத்தியாயத்துக்கு நான் எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? செத்துக் காட்டவா?" என்றார் மாமா. சொல்லும்போதே மூச்சு வாங்கியது. கை நெஞ்சுக்குப் போனது. அதையும் ஒருவன் படம் எடுத்தான்.

அக்கா சமையலறையிலிருந்து மாத்திரையும் தண்ணீருமாக ஓடி வந்தார். மாத்திரையை அவர் நாக்கடியில் வைத்தார். பிறகு துணி அளக்கும் இரும்பு கெஜக்கோலை எடுத்தார்.

"வெளிய போங்கடா! போம்மா வெளிய! கண்ணாடி போட்டிருக்கியே, கண்ணு தெரியல? ஒரு உசுரு துடிக்குது, படமா எடுக்கிற? உன் வீட்டுக் கட்டில்ல வந்து நான் படம் எடுக்கட்டுமா?"

கெஜக்கோல் இரண்டு முதுகுகளில் விழுந்தது. மூன்றாவதாக விழவேண்டியதை நான் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. எல்லோரும் சிதறினார்கள். ஓடும்போதும் ஒருத்தி, "அப்படியே நாவல்ல வர்றவ மாதிரியே இருக்கா!" என்று சொல்லிக்கொண்டு ஓடினாள்.

மாமாவுக்கு மூச்சு நிதானப்பட்டதும் தச்சரின் மனைவியைக் காவலுக்கு வைத்துவிட்டு அக்கா கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"தூக்குங்க."

மறுபக்கத்தைத் தச்சரும் நானும் பிடித்தோம். தேக்கு. கனம் தோளை அழுத்தியது. கடைத்தெரு வழியாக விழாத் திடலுக்குப் போனோம். வழியில் அரும்பொருள் போகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்று வணங்கினவர்களும் உண்டு. மேடையில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். "எளிய மனிதர்களின் கண்ணீரை" என்று எதையோ ஆரம்பித்திருந்தார். அக்கா படியேறினார். கதவை மேடை நடுவில், மேசைக்கு முன்னால் சாய்த்து வைக்கச் சொன்னார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்தாங்க கதவு. எல்லாரும் வந்து ஆசை தீரத் தட்டுங்க. ராத்திரி பகலாத் தட்டுங்க. என் வீட்டுப் பக்கம் எவனும் வராதீங்க. என் புருஷன் சாகல. நான் அவனக் கொல்லல. நீங்கதான் இப்ப கொல்லப் பாக்குறீங்க."

 அடுத்த நொடியே செயலாளர் ஒலிவாங்கியைப் பறித்தார்.

"அருமையான காட்சி! நாவலின் நாயகியே நேரில் வந்து தன் கதவை நினைவில்லத்துக்கு நன்கொடையாக வழங்கியிருக்கிறார். பலத்த கரவொலி!"

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான சத்தத்தை நான் கேட்டதில்லை. படித்தவர்கள். கண்ணீரைப் பற்றிப் பட்டம் வாங்கியவர்கள். கண்ணெதிரே நின்று கத்துகிறவளை ஒரு காட்சியாக்கி ஓரத்தில் வைக்க ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது அவர்களுக்கு. நான் ஒலிவாங்கியை நோக்கிப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடு. இவங்களுக்குப் புரிய வைக்கவா வந்தேன்? கதவு இங்க இருக்கட்டும். அவரு அங்க தூங்கட்டும். வா, வீடு திறந்து கிடக்கு."

அன்று மாலைக்குள் தச்சர் நிலைக்கு இரும்புத் தகட்டுக் கதவு ஒன்றை மாட்டினார். சாயம் அடிக்கவில்லை. கிடங்கு வாசல் போல இருந்தது.

இப்போது நீலக் கதவு நினைவில்லத்தில் தனி நிலையில் நிற்கிறது. வருகிறவர்கள் அங்கே வரிசையில் நின்று மூன்று முறை தட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. 'கதவுக்காரியின் கதவு, அவரே அளித்தது' என்று எழுதியிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் இரண்டு தரம் மனு கொடுத்தேன். பதில் இல்லை. மூன்றாவதும் கொடுப்பேன். நாவலை வகுப்பில் நடத்தும்போது அந்த அத்தியாயம் வந்தால், அந்தக் கணவர் மறுநாள் சாயங்காலம் வேற்றூரிலிருந்து பேருந்தில் திரும்பி வந்ததையும் சேர்த்தே நடத்துகிறேன். தலைமை ஆசிரியர் ஒருமுறை கண்டித்தார். கண்டிக்கட்டும்.

அக்கா பலகையைப் பார்க்கப் போகவே இல்லை. அதே வீட்டில், அதே ஜன்னலோரத்தில் சீருடை தைக்கிறார். மாமா பகலில் நன்றாகத் தூங்குகிறார். சாயங்காலம் தெருமுனை வரை தனியாக நடந்து வருகிறார்.